சென்னிமலைப் போர்வையும் ஒட்டாவாக் குளிரும்

வணக்கம் ஐயா,

கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் நீங்கள் கழித்த பனிக்காலம் பற்றிப் போன மாதம் எழுதிய கட்டுரையைப் படித்தேன். 'அந்தக் குளிரில் வளாகமே ஒரே தெருவாகிவிடும்' என்று எழுதியிருந்தீர்கள். என் மகள் இந்த ஜனவரியில்தான் அங்கே முதுகலை சேர்ந்திருக்கிறாள். அவள் சொல்வது வேறு கதை. மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறதாம். வகுப்பு விட்டால் அறை, அறையை விட்டால் வகுப்பு. ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவில் போட்டிருக்கிறார்கள். மற்ற நால்வரும் தங்களுக்குள் பிரெஞ்சில் பேசிச் சிரிக்கிறார்கள். இவள் போய் உட்கார்ந்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள், அதோடு சிரிப்பும் நின்றுவிடுகிறது என்கிறாள். நீங்கள் எழுதியது உண்மையா, எழுத்தாளரின் மெருகா? அவள் பிரெஞ்சு படித்துத்தான் ஆக வேண்டுமா? இன்னொன்று, இங்கிருந்து சென்னிமலைப் போர்வை அனுப்பினால் அங்கே உதவுமா?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

மெருகுதான், ஒப்புக்கொள்கிறேன். இருபது ஆண்டு கழித்து எழுத உட்கார்ந்தால் குளிர் உறைப்பதில்லை, உடனிருந்தவர்கள் மட்டுமே நினைவுக்கு வருகிறார்கள். நான் போய் இறங்கியது செப்டம்பரில். மேப்பிள் இலைகள் சிவந்து உதிர்வதற்குள் நாலு பேரைத் தெரிந்துகொண்டேன். பனி விழத் தொடங்கியபோது போய்த் தட்டுவதற்கு ஒரு கதவாவது இருந்தது. உங்கள் மகளோ எல்லாரும் கூடு கட்டி முடித்தபின் போய்ச் சேர்ந்திருக்கிறாள். இந்த வித்தியாசத்தைக் கட்டுரையில் சொல்லாமல் விட்டது என் பிழை.

குளிர் ஆட்களைச் சேர்த்துவைக்கும் என்பதும் முழு உண்மை இல்லை. முதலில் பிரிக்கத்தான் செய்யும். பூஜ்யத்துக்குக் கீழே இருபது, இருபத்தைந்து டிகிரியில் மூச்சை இழுத்தால் மூக்குக்குள் மயிர் விறைத்துக் குத்தும். கண்ணை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் மூடிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நடப்பார்கள். கூடப் படிப்பவன் எதிரே வந்தாலும் அடையாளம் தெரியாது. ஒருவனை நான் இரண்டு மாதம் அவன் பூட்ஸை வைத்தே கண்டுபிடித்தேன். நடைபாதையில் பனி உருகத் தூவும் உப்பு அதில் அலையலையாக வெள்ளைக் கோடு போட்டிருக்கும். நின்று பேசுவது என்கிற பழக்கமே நவம்பரோடு முடிந்துவிடும்.

குழு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் இதேதான் நடந்தது. நூலகத்தில் ஆறு பேர் உட்காருவோம். ஐவருக்குத் தாய்மொழி பிரெஞ்சு. நான் நாற்காலியை இழுத்ததுமே பேச்சு ஆங்கிலத்துக்கு மாறிவிடும். எவ்வளவு நல்ல பிள்ளைகள் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். கொஞ்சம் உப்புச்சப்பில்லாத பிள்ளைகள் என்றும் மனதுக்குள் குறித்துக்கொண்டேன். அதை வீட்டுக்கு எழுதவில்லை.

பிப்ரவரியில் ஓர் இரவு இரண்டு மணிக்கு விடுதியில் அபாய மணி அலறியது. யாரோ சோளப்பொரியை மைக்ரோவேவில் கருக்கிவிட்டார்கள். கையில் கிடைத்த போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பனியில் போய் நின்றோம். தீயணைப்புக்காரர்கள் பார்த்து முடிக்கும்வரை உள்ளே விடமாட்டார்கள். எங்கள் குழுவில் இருந்த பெண் ஒருத்தியும் அதே விடுதிதான். என் கைகளைப் பார்த்தாள். தன் இடது கையுறையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். அரைத்தூக்கத்தில் அவளுக்கு மொழி மாற்றத் தோன்றவில்லை. பிரெஞ்சிலேயே ஏதோ தொடங்கினாள். சோளப்பொரி ஆசாமியாக நடித்துக் காட்டினாள் போலிருக்கிறது. சுற்றி நின்றவர்கள் குளிரை மறந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நூலகத்தில் 'சரி', 'பரவாயில்லை' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாத பெண். ஐந்து மாதப் பழக்கத்தில் அவளை எனக்குத் தெரியவே தெரியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளுடைய கேலி, குறும்பு எல்லாம் பிரெஞ்சிலேயே இருந்தன. என்னிடம் மரியாதையாக நடந்துகொள்வதற்காக அவற்றை அறையிலேயே வைத்துவிட்டு நூலகத்துக்கு வந்திருக்கிறாள்.

உங்கள் மகள் வந்ததும் சிரிப்பு நிற்கிறதே, அவளை ஒதுக்குகிறார்கள் என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அவளுக்காக அவர்கள்தான் விட்டுக்கொடுக்கிறார்கள். எப்போதும் ஒரு பக்கமே விட்டுக்கொடுக்கிறது என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆங்கிலம் பேசுபவர் ஒருவர் அறைக்குள் வந்தால் பிரெஞ்சு பேசும் ஐவர் மாறுவார்கள். மறுதலையாக நடந்து நான் பார்த்தது அபூர்வம். இரு மொழிப் பல்கலைக்கழகம் என்று பெயர் இருந்தாலும் அங்கே பிரெஞ்சு பேசும் மாணவர்கள் ஏறத்தாழ பத்துக்கு மூவர்தான். ஒட்டாவா இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்திலோ இன்னும் குறைவு.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1912இல் மாகாண அரசு பதினேழாம் விதி என்று ஒன்றைக் கொண்டுவந்து, முதல் இரண்டு வகுப்புகளுக்கு மேல் பிரெஞ்சு வழியில் பாடம் நடத்த முடியாதபடி செய்தது. வளாகத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய மர்ரே தெருவில் கீக் பள்ளி இருந்தது. அங்கே டெலோஜ் சகோதரிகள் இருவரும் விதியை மீறிப் பாடம் நடத்தினார்கள். 1916 ஜனவரியில், நடுக்குளிரில், தாய்மார்கள் அந்தப் பள்ளியைக் காவல் காத்தார்கள். போலீஸார் வந்தபோது, அந்தக் காலத்துப் பெண்கள் தொப்பி நிற்பதற்காகச் செருகும் நீளமான ஊசிகளை உருவிக்கொண்டு எதிர்த்து நின்றார்கள். 1927இல்தான் விதி கைவிடப்பட்டது. பள்ளிக்குப் பெயர் தந்த ஆயர் கீக்தான் 1848இல் ஒரு சிறு கல்லூரியைத் தொடங்கியவர். பின்னாளில் அதுவே இந்தப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. ஈரோட்டுக்காரருக்கு மொழிப் போராட்டத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

பிரெஞ்சு படித்துத்தான் ஆக வேண்டுமா? பட்டத்துக்காக வேண்டியதில்லை. மொழிப்பாடங்கள் தவிர மற்றவற்றில் தேர்வையும் கட்டுரையையும் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டில் எதில் வேண்டுமானாலும் எழுதும் உரிமை மாணவருக்கு உண்டு. ஆனால் காதில் வாங்கிக்கொள்ளும் அளவுக்காவது கற்றுக்கொள்ளட்டும். மணி அடித்த அந்த வாரமே நான் குழுவில், 'நீங்கள் பிரெஞ்சிலேயே பேசுங்கள், நான் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறேன்' என்று சொன்னேன். ஒரு மாதம் பேந்தப் பேந்த விழித்தேன். பிறகு பாதி புரிந்தது. நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. பிரெஞ்சில் 'தூ', 'வூ' என்று இரண்டு உண்டு, நம் நீ, நீங்கள் மாதிரி. ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர்கள் அதில் தடுமாறுவார்கள். நமக்கு ஒரே நாளில் பிடிபட்டுவிடும். நான் கூடுதல் மரியாதையாக எல்லாரையும் 'வூ' போட்டு அழைக்க, கையுறை கொடுத்த பெண் 'நான் என்ன உன் பாட்டியா?' என்று கேட்டாள். எனக்குப் புரிந்த முதல் கேலி அதுதான்.

ரிடோ கால்வாய் வளாகத்தை ஒட்டியே ஓடுகிறது. பனிக்கட்டி 30 சென்டிமீட்டர் அளவுக்கு இறுகினால் 7.8 கிலோமீட்டருக்குச் சறுக்குப் பாதையாகத் திறந்துவிடுவார்கள். 2022-23 குளிர்காலத்தில் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. அப்படி ஆனது அதுதான் முதல் முறை. ஆகவே திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் அன்றைக்கே குழுவோடு போகச் சொல்லுங்கள், தள்ளிப்போட வேண்டாம். இரண்டாம் ஆண்டு நான் அதில் விழுந்த விழுக்கு ஐவரும் சிரித்தார்கள். என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்பதும் எனக்குப் புரிந்தது.

கடைசியாகப் போர்வை. வெளியே அடிக்கும் குளிருக்குப் பருத்திப் போர்வை எடுபடாது. கனமான கோட்டும் பூட்ஸும் அங்கேயே வாங்குவதுதான் நல்லது. பருத்திக் காலுறையும் வேண்டாம், நனைந்தால் லேசில் காயாது. கம்பளிக் காலுறை நாலு ஜோடி வாங்கிக்கொள்ளட்டும். கட்டிடத்துக்குள் சூடேற்றி வைத்திருப்பார்கள் என்பதால் அறைக்குச் சென்னிமலைப் போர்வையே போதும், தாராளமாக அனுப்புங்கள். பெட்டிக்குள் மடித்து வைக்காமல் கதவுப் பக்கம் மாட்டி வைக்கச் சொல்லுங்கள். நள்ளிரவில் யார் சோளப்பொரியைக் கருக்குவார்கள் என்று சொல்ல முடியாது.