இரண்டாவது தாள்

வணக்கம் மேடம். முதுகலை சமூகப்பணி ஆய்வேட்டுக்காகத் தஞ்சாவூர்ப் பக்கம் நான்கு கிராமங்களில் குடும்ப வன்முறை பற்றிப் பெண்களிடம் கேட்கப்போகிறேன். 300 பேர் போதுமா? இரண்டு தரப்பும் தெரிய வேண்டுமென்று அதே வீட்டுக் கணவர்களுக்கும் ஒரு கேள்வித்தாள் தயாரித்திருக்கிறேன். இரண்டையும் இணைத்துள்ளேன்.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

300 போதுமா என்பதை உங்கள் வழிகாட்டி சொல்லட்டும். அந்த இரண்டாவது தாளுக்காகத்தான் உடனே எழுதுகிறேன்.

வேண்டாம் அம்மா. நீங்கள் பஞ்சாயத்துப் பேசப் போகவில்லை, இரண்டு தரப்பு எதற்கு? ‘மனைவியை அடித்ததுண்டா’ என்று அவரிடம் கேட்டதுமே, அவளிடம் என்ன கேட்டிருப்பீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள். அவள் அந்த வீட்டில்தான் படுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட நெறிமுறைகள் பெண்ணின் பாதுகாப்பைத்தான் முதலில் வைக்கின்றன. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலும் குடும்ப வன்முறை பற்றிய பகுதியை ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்கிறார்கள்.

‘குடும்ப வன்முறைக்கு ஆளானீர்களா?’ என்ற கேள்வியையும் எடுத்துவிடுங்கள். ‘கோபம் வந்தா கை நீட்டுவாரு, மத்தபடி ஒண்ணுமில்ல’ என்பவள் அதற்கு ‘இல்லை’ என்றுதான் சொல்வாள். அறைந்தாரா, கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கடந்த 12 மாதங்களில் எத்தனை முறை என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

இனி தனிமை. முகப்பில் ‘பெண்கள் உடல்நலமும் வாழ்க்கையும்’ என்று மட்டும் இருக்கட்டும். வாசல் தெரிகிற மாதிரி உட்காருங்கள். தாய்ப்பால், தடுப்பூசி பற்றிப் பத்துக் கேள்விகளை மேலே வைத்துக்கொண்டு, ‘யாராவது வந்தா இதுக்கு மாறிடுவேன்’ என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தையும் ஆள்தான். ‘அந்த அக்கா கேட்டாங்க, அம்மா அழுதாங்க’ என்று ராத்திரி அப்பாவிடம் சொல்லிவிடும். மாமியார் நகரவில்லையென்றால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு, ‘தனிமை கிடைக்கவில்லை’ என்று குறித்துக்கொண்டு எழுந்துவிடுங்கள். 300 நிரம்பாது. நிரம்பாமலே போகட்டும்!

கையெழுத்து வாங்காதீர்கள், வாய்மொழிச் சம்மதம் போதும். வன்முறை என்று அச்சிட்ட துண்டுத்தாளை அந்த வீட்டில் விட்டுவராதீர்கள். ஆம்புலன்ஸ் 108, குழந்தைகள் உதவி எண் 1098, இவற்றோடு பெண்கள் உதவி எண் 181-ஐயும் ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கொடுங்கள். அதற்கு முன்பே, குடும்ப வன்முறைப் புகார்களைக் கவனிக்கும் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். அவள் ‘இப்ப நான் என்ன செய்ய?’ என்று கேட்டால், யாரிடம் அனுப்புவது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் தாளைத் திருத்தி அனுப்புங்கள், பார்க்கிறேன். இரண்டாவதைக் கிழித்துவிடுங்கள்.