காதுக்குள் சமநிலை, மூளைக்குள் வழித்தடம்

கேள்வி: 74 வயதாகும் என் அப்பா ஒரு வருடமாகத் தள்ளாடி நடக்கிறார். சென்ற மாதம் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியையே குழப்பிக்கொண்டார். காதுக்குப் பின்னால் லேசான மின்சாரம் செலுத்தினால் சமநிலையும் ஞாபகசக்தியும் கூடும் என்று உறவினர் ஒருவர் கருவி வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் இப்போது அவரை வெளியே விடுவதே இல்லை.
- வாசகி, மேற்கு மாம்பலம், சென்னை

பதில்: கருவி வேண்டாம். அதைவிட உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கவலையளிக்கிறது.

உள்காதில் உள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதையும், அவற்றையொட்டிய இரண்டு சிறு பைகள் நேர்க்கோட்டு அசைவையும் புவியீர்ப்பின் திசையையும் உணர்கின்றன. அந்தச் செய்தி நிற்கவும் நடக்கவும் உதவுவதோடு, இடங்களையும் வழிகளையும் நினைவில் வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியையும் சென்றடைகிறது. இரு காதுகளிலும் சமநிலை உணர்வை இழந்தவர்களை ஆராய்ந்து ஜெர்மானிய மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுக்கு அப்பகுதி சுமார் 17 சதவீதம் சுருங்கியிருந்தது. மற்ற ஞாபகம் நன்றாகவே இருக்க, வழி கண்டறிவதில் மட்டும் தடுமாறினார்கள். ஆகவே உறவினர் சொல்வதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஆனால் மின் தூண்டல் சோதனைகள் பெரும்பாலும் சிலரை மட்டுமே வைத்துச் செய்யப்பட்டவை. முதியோரின் ஞாபகத்தை அது நீடித்துக் காக்கும் என்று இன்னும் நிலைநாட்டப்படவில்லை.

பழகிய வழியே குழம்புவதை வயதின் மீது போட்டுவிடாமல், முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பி12, தைராய்டு, சர்க்கரை, செவித்திறன், படுத்திருக்கும்போதும் எழுந்து நிற்கும்போதும் ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தலைச்சுற்றலுக்காக மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் சொல்லுங்கள். அவற்றில் சில, குறைபாட்டை மூளை தானே ஈடுகட்டிக்கொள்வதைத் தாமதப்படுத்தும். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். படுக்கையில் புரளும்போது மட்டும் சுற்றினால், காதுக்குள் இடம் மாறிய நுண்துகள்கள் காரணமாக இருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட விதமாகத் திருப்பும் சிகிச்சையில் பலருக்கு ஓரிரு முறையிலேயே அது சரியாகிவிடுகிறது.

மருத்துவர் அனுமதித்தபின் வீட்டிலேயே ஒரு பயிற்சியைத் தொடங்கலாம். தினசரி காலண்டரை அவர் கண்மட்டத்தில் மாட்டி, ஒரு கை தூரத்தில் நாற்காலியில் அமரச் செய்யுங்கள். தேதி எண்ணிலிருந்து பார்வையை எடுக்காமல், அது கலங்கலாகத் தெரியாத வேகத்தில், தலையை இடமும் வலமுமாக ஒரு நிமிடம் திருப்பட்டும். பழகியபின் நின்றுகொண்டு செய்யலாம். அப்போது நீங்கள் அருகில் இருக்க வேண்டும். ஊஞ்சல் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். சுகமானதுதான், ஆனால் தானே தலையைத் திருப்பி, தானே அடியெடுத்து வைப்பதற்கு அது ஈடாகாது, ஏறி இறங்குகையில் விழும் ஆபத்தும் உண்டு.

விழுவார் என்று உட்காரவைத்தால் கால் தசையும் தளரும், சமநிலையும் மேலும் குறையும். வெயில் தாழ்ந்தபின், பிடிமானமுள்ள செருப்போடு, அயோத்தியா மண்டபம் வரை அவருடன் நடந்து வாருங்கள். எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். தயங்கினால் உடனே எடுத்துக்கொடுக்காமல் சற்றுப் பொறுத்திருங்கள்.