அப்பாவை இழந்த என் ஆறு வயது மகன் அழவே இல்லை. அவன் மனவலிமையோடு வளர நான் என்ன செய்ய வேண்டும்?

கணவர் இறந்து இரண்டு மாதம் ஆகிறது, காரியத்தன்றுகூட மகன் பந்து விளையாடினான், அவனுக்குத் துக்கமே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது, சகோதரி. அந்த வயதுக் குழந்தையால் மணிக்கணக்கில் துக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. கொஞ்சம் அழுவான், விளையாட ஓடுவான், இரவு படுக்கையில் திடீரென்று "அப்பா எப்போது வருவார்?" என்பான். சிலர் அழுவதற்குப் பதில் மறுபடி படுக்கையை நனைப்பார்கள், வயிறு வலிக்கிறது என்பார்கள்.

நான் ஒன்றாம் வகுப்புப் படித்தபோது என் அப்பா இறந்தார். வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்தார்கள். பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுவேன். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: அப்பா இறந்துவிட்டார், அவர் உடம்பு இனி இயங்காது, திரும்பி வரமாட்டார் என்று அவனிடம் நேராகச் சொல்லுங்கள். தூங்குகிறார் என்றால் தூங்கவே பயப்படுவான். சாமி கூட்டிக்கொண்டது என்றால், அடுத்து அம்மாவையும் கூட்டிக்கொள்ளுமோ என்று நினைப்பான். தான் அடம்பிடித்ததால்தான் அப்பா போனார் என்று மனதுக்குள் பூட்டிவைக்கும் குழந்தைகள் உண்டு. அவன் கேட்காவிட்டாலும், "நீ எதுவும் செய்யவில்லை" என்று சொல்லிவிடுங்கள்.

அமெரிக்காவில் பாஸ்டன் பகுதியில் பெற்றோரில் ஒருவரை இழந்த 125 குழந்தைகளை ஹார்வர்டு ஆய்வாளர்கள் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலான குழந்தைகள் தேறினார்கள். உயிரோடு இருக்கும் அம்மாவோ அப்பாவோ அன்றாடத்தை எப்படி நடத்துகிறார் என்பதுதான் குழந்தையின் நிலையைப் பெரிதும் தீர்மானித்தது. சில குழந்தைகளின் சிரமம் இரண்டாம் ஆண்டில்தான் வெளியே தெரிந்தது. எனவே வருடத் திதி முடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

ஆக, உங்கள் சாப்பாடும் தூக்கமும் அவனுக்கான மருத்துவம். அவன் எதிரில் அழுதுவிட்டால் தவறில்லை. அப்பாவை நினைத்து அழுகிறேன் என்று காரணத்தைச் சொல்லுங்கள். பள்ளி, குளியல், சாப்பாடு, படுக்கை எல்லாம் பழைய நேரத்திலேயே நடக்கட்டும். படிப்புக்காக என்று அவனை மாமா வீட்டுக்கு அனுப்பச் சொல்வார்கள். இப்போது வேண்டாம், ஒருவரை இழந்த குழந்தையை இன்னொருவரிடமிருந்தும் பிரிக்கக் கூடாது.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. "இனி நீதான் இந்த வீட்டுக்கு ஆண்பிள்ளை, அம்மாவை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று கொள்ளிச்சட்டி தூக்கிய பிள்ளையிடம் சொல்கிறார்கள். ஆறு வயதுத் தோளில் வைக்கிற சுமையா அது? யார் சொன்னாலும் குறுக்கிட்டு, "அவனை நான் பார்த்துக்கொள்வேன்" என்று அவன் காதுபடச் சொல்லுங்கள். சுபகாரியங்களில் உங்களை ஒதுக்கி நிறுத்தினால் அதையும் அவன் பார்க்கிறான். அப்படிப்பட்ட வீட்டு விசேஷத்துக்குப் போகாமலிருப்பதே மேல்.

அப்பாவின் பேச்சை வீட்டில் மறைக்காதீர்கள். அவருடைய சட்டை ஒன்றைக் கேட்டால் கொடுங்கள். வகுப்பாசிரியரிடமும் விஷயத்தைச் சொல்லிவையுங்கள்; குடும்பப் படம் வரையச் சொல்லும் நாளில் அவர் அருகில் இருப்பார்.

வாரக்கணக்கில் தூங்காமல், பள்ளிக்குப் போகாமல், யாரோடும் விளையாடாமல் இருந்தாலோ, அப்பாவிடம் போக வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாலோ காத்திருக்காதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். உங்களுக்குத் தாங்க முடியாத இரவிலும் அதே எண்ணை அழைக்கலாம்.