மேட்டூர் நீர்மட்டத்தை மறைக்கும் நகைக்கடன் விளம்பரம்

கேள்வி: மேட்டூர் நீர்மட்டம் பார்க்கலாமென்று கைப்பேசியை எடுத்தால், திரை முழுவதும் விளம்பரம் வந்து மறைக்கிறது. ஒரு நேரம் 'உங்கள் போனில் வைரஸ்' என்கிறது. இன்னொரு நேரம் டிவியில் வரும் பெரிய நிறுவனத்தின் நகைக்கடன் விளம்பரம். அவ்வளவு பெரிய நிறுவனமா இப்படிச் செய்யும்? அதைத் தொட்டு விண்ணப்பிக்கலாமா?
- வாசகர், நீடாமங்கலம்

பதில்: அதன் வழியாக விண்ணப்பிக்காதீர்கள். பெரிய பெயரை ஒட்டிக்கொண்டு வரும் போலியாகவும் அது இருக்கலாம். கடன் வேண்டுமானால் அந்த நிறுவனத்தின் கிளைக்கே போய்விடுங்கள்.

உண்மையான விளம்பரமாகவே இருந்தால்? அப்போதுதான் எனக்குக் கோபம் அதிகம் வருகிறது. நிறுவனம் ஏஜென்சிக்குப் பணம் தருகிறது. ஏஜென்சி, விளம்பரங்களைச் செயலிகளுக்குப் பிரித்து அனுப்பும் விளம்பர நெட்வொர்க்குக்கு. அது இன்னொரு நெட்வொர்க்குக்கு. கடைமடையில் உங்கள் போனில் குந்தியிருக்கும் ஏதோ ஒரு செயலிக்கும் அந்தப் பணம் பாய்கிறது. கேட்டால், "எங்களுக்குத் தெரியாது" என்பார்கள். தலைமதகைத் திறந்தவர் சொல்லும் பேச்சா இது?

அமெரிக்காவில் இந்தச் சாக்கு ஒருமுறை எடுபடவில்லை. டைரக்ட் ரெவின்யூ என்ற நிறுவனத்தின் மென்பொருள், கேட்காமலே கணினிகளில் புகுந்து விளம்பரம் காட்டியது. அதன் வழியாக விளம்பரம் செய்த பிரைஸ்லைன், டிராவலாசிட்டி, சிங்குலார் ஆகிய மூன்று நிறுவனங்களையும் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) விடவில்லை. 2007 ஜனவரியில் ஆளுக்கு 30,000 முதல் 35,000 டாலர் கட்டி, இனி விளம்பரம் போகும் வழியைக் கண்காணிப்போம் என்றும் ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்கு அது சில்லறைக் காசு. ஆனால் பொறுப்பு யாருடையது என்பது அங்கே பதிவாகிவிட்டது.

நம் நாட்டில் 2023 நவம்பர் 30 அன்று வெளியான 'டார்க் பேட்டர்ன்' வழிகாட்டுதல்கள் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிடுகின்றன. இல்லாத வைரஸைக் காட்டிப் பயமுறுத்துவது அதில் ஒன்று.

இனி உங்கள் போன். தொல்லை தொடங்கிய சமயத்தில் என்ன நிறுவினீர்கள் என்று யோசியுங்கள். பெரும்பாலும் டார்ச், க்யூஆர் ஸ்கேனர் போன்ற இலவசச் செயலியாக இருக்கும். (டார்ச்தான் போனிலேயே இருக்கிறதே!) அமைப்புகளில் 'மற்ற செயலிகளின் மேல் தோன்ற' எவற்றுக்கு அனுமதி இருக்கிறது என்று பாருங்கள், அறிமுகமில்லாத பெயர் இருந்தால் அனுமதியை எடுத்துவிட்டுச் செயலியை நீக்குங்கள். ஐகானே இல்லாமல் ஒளிந்திருக்கும் செயலிகளும் அந்தப் பட்டியலில் மாட்டிக்கொள்ளும். குரோமில் எந்தெந்தத் தளத்துக்கு அறிவிப்பு அனுப்ப இசைந்திருக்கிறீர்கள் என்பதையும் பார்த்துவிடுங்கள். விளம்பரத்தின் மூலையில், மூடுவதற்கென்று கடுகளவு பெருக்கல் குறி இருக்கும். அதைத் தொட்டாலும் பல நேரம் விளம்பரமே திறக்கும். போனின் 'பின்செல்' பொத்தானை அழுத்துவதே மேல்.

நீக்குவதற்கு முன் தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. அந்தக் கடன் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, எந்த நெட்வொர்க் வழியாக இந்த விளம்பரம் போனது என்று எழுத்துமூலம் பதில் கேளுங்கள்.