பக்கவாதம் வந்த அம்மாவின் மெடிக்கல் கார்டை நிறுத்தலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 69 வயது. பினாங்கு ஆயர் ஈத்தாமில் என்னோடு இருக்கிறார். போன வருடம் பக்கவாதம் வந்ததில் வலது கையும் காலும் விளங்கவில்லை. மாதம் 480 வெள்ளி கட்டிவந்த மெடிக்கல் கார்டுக்கு (தனியார் மருத்துவக் காப்புறுதி) இனி 610 கட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. "இதை நிறுத்திவிட்டு மலிவாகப் புதுசு எடுங்கள், பக்கவாதத்தைப் பற்றி எழுதவேண்டாம்" என்கிறார் ஓர் ஏஜெண்ட். பிசியோ, பெம்பர்ஸ், பகலில் பார்த்துக்கொள்ளும் ஆள் என்று சம்பளம் கரைகிறது. என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, அந்த ஏஜெண்ட் தரும் பாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நோயை மறைத்து எடுத்த கார்டுக்குப் பணம் கட்டும்வரை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அம்மா வார்டில் சேர்ந்த அன்றுதான் பழைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்பார்கள். பக்கவாதம் தெரிந்ததும் கிளைம் கிடைக்காமல் போகும், பாலிசியும் ரத்தாகலாம். உண்மையைச் சொல்லி எடுக்கலாம் என்றாலோ, இந்த வயதில் இந்த நோயோடு புதுக் கார்டு கிடைப்பது மிக அரிது. கையில் இருக்கும் கார்டுதான் அம்மாவுக்குக் கடைசிக் கார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரீமியத்தைக் குறைக்க நிறுவனத்துக்கே எழுதுங்கள். பில்லில் ஒரு பங்கை நாமே ஏற்கும் கோ-பேமெண்ட் திட்டத்துக்கு மாறினால் எவ்வளவு குறையும், மாறுவதற்கு உடல்நிலையைப் புதிதாக ஆராய்வார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மருத்துவச் செலவு உயர்வால் ஏற்றும் பிரீமியத்தை மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் பிரித்து ஏற்றவேண்டும் என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2024 டிசம்பரில் அறிவித்தது. 2026 இறுதிவரை அது நடப்பில் இருக்கும். உங்கள் கடிதம் அதன்படி வந்ததா என்றும் கேளுங்கள்.

ஆனால் உங்கள் சம்பளத்தைக் கரைப்பது வார்டுச் செலவு அல்ல, வீட்டுச் செலவு. அதை மெடிக்கல் கார்டு பெரும்பாலும் தொடாது. அதற்கு அம்மாவின் பெயரில் ஓகேயு கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, வேண்டும். டாக்டர் உறுதிசெய்த பாரத்தோடு சமூக நல இலாகாவில் பதியுங்கள். நம் பிள்ளைகள் பலர் அம்மாவை 'ஓகேயு' என்று பதிய மனம் ஒப்பாமல் தள்ளிப்போடுகிறார்கள். அந்த வலி புரிகிறது, ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள். அந்தக் கார்டு இருந்தால் பினாங்கு அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் சிகிச்சைக்கும் மூன்றாம் வகுப்பு வார்டுக்கும் கட்டணமில்லை. பிசியோவையும் அங்கேயே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

சக்கர நாற்காலி போன்ற உபகரணங்களுக்கு உங்கள் வருமான வரியில் 6,000 வெள்ளி வரை கழிவு உண்டு. அதற்கும் இந்தப் பதிவு வேண்டும். பெற்றோர் மருத்துவச் செலவு, பராமரிப்பாளர் சம்பளம் ஆகியவற்றுக்குத் தனியாக 8,000 வரை. பராமரிப்பு தேவை என்று டாக்டர் எழுதித் தரவேண்டும். பார்த்துக்கொள்பவர் நீங்களோ உங்கள் கணவரோ பிள்ளையோ ஆகக்கூடாது. பகலில் வரும் அந்த ஆளிடம் இந்த மாதச் சம்பளத்திலிருந்தே ரசீதில் கையெழுத்து வாங்கி, ஏழு வருடம் பத்திரமாக வைத்திருங்கள்.