உங்கள் வீட்டுக்குள் மட்டும் புழங்கும், நீங்களாகவே உண்டாக்கிய சொற்கள் என்னென்ன?

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கம். எங்களுக்குச் சொல் உண்டாக்கிக் கொடுத்ததில் பாதிப் பங்கு மாவட்டத்துக்குத்தான். கண்ணில் பட்டதை எல்லாம் வீட்டுக்குள் இழுத்து வந்துவிடுவோம்.

முதலில் 'வள்ளுவர்'. குமரிக் கடலில் நிற்கும் 133 அடி வள்ளுவர் சிலையை உப்புக்காற்று அரிக்காமல் இருக்க, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ரசாயனம் பூசுவார்கள். அதற்காகச் சுற்றிலும் சாரம் கட்டுவார்கள். வேலை முடியும்வரை சிலைக்குப் போக அனுமதி கிடையாது. எங்கள் ஊரில் கைலிக்கும் சாரம் என்றுதான் பெயர். தம்பி நாலாவது படிக்கும்போது, பேப்பரில் 'வள்ளுவர் சிலைக்குச் சாரம் கட்டும் பணி' என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அவ்வளவு பெரிய சாரம் எந்தக் கடையில கிடைக்கும்?" என்று கேட்டான். அன்றிலிருந்து, லீவு நாளில் அப்பா சாரத்தை மடித்துக் கட்டிச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், "அவரு இன்னைக்கு வள்ளுவராக்கும்" என்பாள் அம்மா. கடைக்கு அனுப்ப முடியாது, கல்யாண வீட்டுக்குக் கிளப்ப முடியாது. பராமரிப்புப் பணி நடக்கிறது. இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அப்பாவுக்கு மட்டும் நாங்கள் சொன்னதே இல்லை.

அடுத்தது நான். நான் 'தொட்டிப்பாலம்'. மாத்தூரில் பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்கு வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுபோகிற பாலம் அது. மேலே வாய்க்கால், கீழே ஆறு. ரெண்டும் தண்ணீர்தான், ஆனால் ஒன்றையொன்று தொடாது. அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்ளாத நாட்களில், "சாயா ஆறிப்போகுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்பாள் அம்மா. "ஆறட்டும்னு சொல்லு" என்பார் அப்பா. ரெண்டு பேருக்கும் நடுவே நாலடி தூரம்கூட இருக்காது. நான் இரண்டு பக்கமும் திருப்பிச் சொல்ல வேண்டும்.

'யூனிட்' எங்கள் மாமாவால் வந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று ஆளையே தள்ளும். முப்பந்தல் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். அந்த ஊரில் பெண் எடுத்த மாமா, போன் செய்தால் வைக்க மாட்டார். பேசிவிட்டு வருகிறவரிடம், "இன்னைக்கு எத்தனை யூனிட்?" என்று கேட்போம். சாதாரண நாளில் நாற்பது. வரப்புத் தகராறு பேச்சில் வந்துவிட்டால் இருநூறைத் தாண்டும்.

அப்புறம் 'ரெட்டைமழை'. குமரிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. பெண் வீடு, மாப்பிள்ளை வீடு இரண்டிலும் அழைப்பு வாங்கி, இரண்டு இடத்திலும் பாயசம் வரை இருந்து சாப்பிடுகிறவர் ரெட்டைமழை. சொந்தத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எல்லாச் சொல்லும் ஓடிவிடவில்லை. சாயா குடிக்கிற நேரத்துக்கு நான் வைத்த 'சாயாங்காலம்' அன்றைக்கே செத்துப்போனது. விளக்கிச் சொல்ல வேண்டி வந்தால் போச்சு.

கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தபிறகு வேறொரு கூத்து. கணவர் சென்னைக்காரர். நான் மிளகை 'நல்லமிளகு' என்றதும், "அப்போ கெட்ட மிளகு எங்கே?" என்றார். காய்கறியை 'மலக்கறி' என்றேன், நினைவை 'ஓர்மை' என்றேன். எல்லாமே எங்கள் வீட்டில் உண்டாக்கியவை என்று முடிவு கட்டிவிட்டார். "அய்யோ, அது ஊரே பேசுறது" என்று புரியவைக்க ஆறு மாதம் ஆனது. நிஜமாகவே நாங்கள் உண்டாக்கியதை மட்டும் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார்.

அதில்தான் வம்பு. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அப்பா சாரமும் சாய்வு நாற்காலியுமாகத் தெரிந்தார். இவர் வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன மாமா, இன்னைக்கும் வள்ளுவர்தானா?"

அம்மா சமையலறைக்குள் ஓடிவிட்டாள். அப்பாவுக்கோ முகமெல்லாம் வெட்கம். "சே, அவ்வளவு குறளொண்ணும் எனக்கு ஓர்மையில்ல மக்களே" என்றார்.