வாகனப் பக்கம்: மூன்று இலட்சத்தைத் தொடும் காரை விற்பதா, வைத்திருப்பதா?

கேள்வி: என்னுடையது 2003ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 121. 1500 சீசீ, ஓட்டோ கியர். மீற்றரில் 286,000 கிலோமீற்றர். பாடசாலைக்குப் போய்வர நாளுக்கு 30 கி.மீ., மாதத்தில் இரண்டு தடவை கண்டிக்கு. 1,500 கி.மீ.க்கு ஒரு லீற்றர் ஒயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. இறக்கத்தில் நீலப் புகை தள்ளுகிறது என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். "எஞ்சின் முடிஞ்சுது சேர், ஜப்பான் எஞ்சின் போடுவோம், நாலரை இலட்சம்" என்கிறார் கராஜ்காரர். மச்சானோ இதைத் தள்ளிவிட்டு லீசிங்கில் வேகன் ஆர் எடுக்கச் சொல்கிறார். தவணை மாதம் 90,000 ரூபாய். எது புத்தி?
— ஆசிரியர் ஒருவர், தலவாக்கலை

பதில்: கராஜ்காரருக்கும் மச்சானுக்கும் பதில் சொல்லுமுன் காரை உயர்த்தி அடியைப் பாருங்கள். எஞ்சினுக்கு எஞ்சின் கிடைக்கும், கியர் பெட்டிக்குக் கியர் பெட்டி கிடைக்கும். கறள் தின்ற கூட்டுக்கு மாற்றுக் கிடையாது. மழையும் பனிமூட்டமும் விடாத உங்கள் பக்கத்தில் முதலில் போவது அதுதான்.

பார்க்க வேண்டிய இடங்கள்: நான்கு கதவுகளுக்கும் கீழே ஓடும் ஃபுட்போர்ட், பொனட்டைத் திறந்தால் இரு பக்கமும் தெரியும் ஷொக் எப்சோபர் மேல்முனைகள், பின் அச்சு கூட்டோடு சேரும் இடம், கால்மிதிக்குக் கீழுள்ள தகடு, ஸ்பெயார் டயர்க் குழி. ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். "டங்" என்றால் தகடு இருக்கிறது. "தொப்" என்றால் புட்டியோ, தார் பூசி மறைத்த கறளோ இருக்கிறது. துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்த்தால் புட்டி உள்ள இடத்தில் ஒட்டாது. ஃபுட்போர்ட்டில் சின்ன ஓட்டை என்றால் தகடு வெட்டி ஒட்டலாம். ஷொக் எப்சோபர் முனையோ பின் அச்சு இணைப்போ உளுத்திருந்தால் அந்தக் காருக்கு ஒரு பிளக்கூட வாங்கிப் போடாதீர்கள். இருந்தபடியே விற்றுவிடுங்கள், வாங்குபவரிடம் அதைச் சொல்லியே விற்றுவிடுங்கள்.

கூடு நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு புகைக்கு வருவோம். "இறக்கத்தில்" என்று நீங்கள் எழுதிய ஒரு சொல்லில் பாதி விடை இருக்கிறது. நானுஓயாப் பக்கமிருந்து இறங்கும்போது காலை எடுத்துவிட்டு, சின்னக் கியரில் எஞ்சின் பிடிமானத்தில் வருகிறீர்கள். அப்போது காற்று நுழையும் கதவான திரொட்டில் மூடியிருக்கும். உள்ளே காற்று உறிஞ்சு விசை அதிகம். வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் காய்ந்து இறுகியிருந்தால் அந்த விசை ஒயிலை உள்ளே இழுத்துவிடும். அடியில் வந்து எக்ஸலேட்டரை மிதித்ததும் அது எரிந்து நீலமாகக் கொப்பளிக்கும், சில விநாடிகளில் தெளிந்துவிடும். இது வால்வு சீல் வேலை. ஏற்றத்தில் மிதித்துக்கொண்டு போகும்போது விடாமல் புகைத்தால்தான் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். பின்னால் ஒருவரை வேறு வாகனத்தில் வரச்சொல்லி இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் முன், வால்வு மூடியிலுள்ள, எஞ்சினுக்குள் சேரும் வாயுவுக்கு வழிவிடும் பீ.சீ.வி. வால்வைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் வராவிட்டால் அடைபட்டிருக்கிறது. மலிவான சாமான், அது அடைபட்டாலும் ஒயில் குறையும்.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அமுங்குகிறது என்று அளப்பது. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், பெற்றோல் வரவை நிறுத்தி, எக்ஸலேட்டரை முழுதாக மிதித்தபடி ஐந்தாறு விநாடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். இங்கேதான் மலைநாட்டுக் கார்கள் வீணாகக் கொலை செய்யப்படுகின்றன. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. கொழும்பில் 200 பி.எஸ்.ஐ. காட்டும் அதே எஞ்சின் தலவாக்கலையில் 175 அளவிலும், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 160 அளவிலும்தான் காட்டும். "அழுத்தமில்லை" என்று யாரும் சொன்னால், எந்த ஊரில் வைத்துப் பார்த்தது என்று கேளுங்கள். முக்கியம் நான்கு சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசம். நான்கும் 10 வீதத்துக்குள் நின்றால் கவலையில்லை. ஒன்று மட்டும் தாழ்ந்தால் அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு, அல்லது ஹெட்டுக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவிலுள்ள ஹெட் கஸ்கட்.

உங்களுடையது சங்கிலி போட்ட எஞ்சின். டைமிங் பெல்ட் தொல்லை இல்லை. 16 வால்வு சீலையும் ஹெட்டைக் கழற்றாமலே மாற்றலாம். பிளக் துளை வழியாக அமுக்கக் காற்றைச் செலுத்தி வால்வுகள் உள்ளே விழாமல் பிடித்துக்கொண்டு, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளை மட்டும் கழற்றுவார்கள். இதை முன்பு செய்திராத கராஜில் கொடுக்க வேண்டாம். சங்கிலி ஒரு பல் தவறினால் வேறு செலவு வந்துவிடும். அதுவரை, பெற்றோல் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒயில் பாருங்கள், சமதரையில். நம் பக்கத்துக் கராஜ் வாசல்களில் பாதி சரிவு. அங்கே பார்த்த அளவு பொய் சொல்லும். இந்த எஞ்சினுக்கு மொத்தமே 3.7 லீற்றர். ஒரு லீற்றர் குறைந்தால் கால் பங்குக்கு மேல் போய்விட்டது.

ரிங்தான் தேய்ந்திருந்தாலும், கூடு நன்றாக இருந்தால், நாலரை இலட்சம் என்பது ஐந்து மாதத் தவணை. தவணையோ வருடக்கணக்கில் ஓடும். வாங்கப்போகும் வேகன் ஆரும் யாரோ ஒருவர் ஓட்டிக் களைத்ததுதான்; முதல் வருடத்தில் டயர், பிரேக், கியர் ஒயில் என்று அதுவும் கேட்கும். அதன் 658 சீசீ எஞ்சின் நுவரெலியாவில் கடல்மட்டத்துக் காற்றில் 80 வீதத்தைத்தான் உறிஞ்சும். நான்கு பேரோடு கினிகத்தேனை ஏற்றத்தில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தபின் முடிவெடுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறக்கப்பட்டதென்றாலும், வரியின் பாரம் பழைய கார்களின் விலையையும் தூக்கியே வைத்திருக்கிறது.

எஞ்சின் மாற்றுவதானால், வரும் எஞ்சினுக்கும் அதே கம்ப்ரஷன் சோதனை செய்து பாருங்கள். வெளியே இருக்கும்போதே தண்ணீர்ப் பம்ப், தெர்மோஸ்டட், முன் பின் ஒயில் சீல்களைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி, புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தில் ஏற்றுங்கள். அதைச் செய்யாவிட்டால் பிறகு விற்கும்போது இழுபறி.

கேள்வி: நிசான் சனி எஃப்.பி. 15, 210,000 கி.மீ. நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வளைவுகளைத் தாண்டும்போது பிரேக் மிதி பஞ்சு போல் இறங்குகிறது. அரை மணிநேரம் நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. பேட் நன்றாக இருக்கிறதாம். கார் பழசானதுதான் காரணமா?
— பெரியசாமி, புசல்லாவ

பதில்: பழசாகியிருப்பது கார் இல்லை, பிரேக் ஒயில். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும். டொட் 3 என்ற வகைப் புதிய ஒயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ். ஈரம் சேர்ந்தபின் அது 140 வரை விழலாம். டொட் 4 என்றால் 230, 155. நீண்ட இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் ஒயில் கொதித்து ஆவியாகிறது. ஆவி அமுங்கும், அதனால் மிதி இறங்கும். ஆறியதும் மறுபடி திரவமாகிறது. கராஜுக்குப் போய்ச் சேரும்போது குறை மறைந்திருப்பதும் இதனால்தான்.

முழு ஒயிலையும் மாற்றுங்கள். டொட் 4, ஒரு லீற்றர், முத்திரை உடைக்காத டின். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். குழாய்களிலிருந்து காற்றெடுக்கும்போது மிதியைத் தரைவரை மிதிக்க விடாதீர்கள். அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். மிதியின் அழுத்தத்தை ஒயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பழசானால், அதில் வழக்கமாக ஓடாத பகுதியில் அழுக்கும் கறளும் இருக்கும், சீல் அதில் உரசிக் கிழியும். நல்ல மாஸ்டரைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த வேலைதான். சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களை வளைத்துப் பாருங்கள், வெடிப்பிருந்தால் நான்கையும் மாற்றுங்கள்.

காரை நிறுத்தி வைத்து, எல்லாம் குளிர்ந்திருக்கையில் மிதித்துப் பிடித்தபோதே மிதி மெல்ல இறங்குமானால் கதை வேறு. அது மாஸ்டர் சிலிண்டர். மாற்றும்வரை காரை எடுக்கக் கூடாது. எது எப்படியோ, ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

கேள்வி: 2013 டொயோட்டா அக்வா, 190,000 கி.மீ. வெல்லவாய இறங்கும்போது பாதியிலேயே பற்றரி நிரம்பி எஞ்சின் உறுமுகிறது. ஹைபிரிட் பற்றரி போய்விட்டதா? விற்றுவிடலாமா?
— ந. க., பண்டாரவளை

பதில்: இறக்கத்தில் உறுமுவது நோயில்லை. கணக்குப் பாருங்கள். ஆளோடு 1,250 கிலோ எடையுள்ள கார் ஆயிரம் மீற்றர் இறங்கினால் வெளிப்படும் சக்தி, மின்பட்டியல் கணக்கில் ஏறத்தாழ 3.4 யூனிட். அக்வாவின் பற்றரி முழுவதுமாகவே ஒரு யூனிட்டுக்குக் குறைவு, அதிலும் ஒரு பகுதியைத்தான் கார் பயன்படுத்தும். பாதி இறக்கத்திலேயே நிரம்பிவிடும். மிச்சத்தைச் செலவழிக்க வேறு வழியில்லாமல் கார் எஞ்சினைச் சுற்றவிடுகிறது. கியரை "B"யில் (பார்க்கிங் "P" அல்ல) போட்டு இறங்கினால் அந்த உறுமல் இன்னும் கூடும், பிரேக் பிழைக்கும்.

நோயென்றால் குறி வேறு: சமதரையில் பற்றரி அளவு காட்டும் கோடு சில நிமிடங்களுக்குள் மேலிருந்து கீழே விழுந்து அதே வேகத்தில் ஏறும், பின் ஆசனப் பக்கம் விசிறி ஊளையிடும். முதலில் அந்த விசிறியைக் கழற்றித் துப்புரவாக்குங்கள். ஆசன ஓரத்துக் காற்றுத் துளையைத் துணிப்பையால் மூடி வைத்து பற்றரியைச் சமைப்பவர்கள் நிறையப் பேர். பிறகு ஸ்கேனரை மாட்டியபடி ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். பற்றரியின் ஒரு பிரிவு (பிளாக்) மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் தாழ்ந்தாலோ, P0A80 என்ற குறியீடு வந்தாலோ பற்றரி தேய்ந்திருக்கிறது. உள்ளே 7.2 வோல்ட் செல் கட்டு 20 இருக்கிறது. கெட்ட ஒன்றை மட்டும் மாற்றித் தருவார்கள். விற்கும்வரை தாக்குப்பிடிக்கும், வைத்து ஓட்டப் போதாது: பழைய 19க்கு நடுவே புதிய ஒன்று ஒத்துப்போகாமல் அடுத்தது விழும். வைத்திருப்பதானால் முழுத் தொகுதியாக, உத்தரவாதத்தோடு போடுங்கள். செம்மஞ்சள் வயர் பக்கம் வீட்டில் யாரும் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: ஒயில் ஊற்றும் மூடியின் உட்புறம் வெண்ணெய் போல் படிந்திருக்கிறது. ஹெட் கஸ்கட் போய்விட்டது, எஞ்சின் இறக்க வேண்டும் என்கிறார்கள். கார் 170,000 ஓடியது. தினமும் கடைக்கு 3 கி.மீ. மட்டும்.
— வியாபாரி, நுவரெலியா

பதில்: மூன்று கிலோமீற்றரில் உங்கள் குளிருக்கு எஞ்சின் சூடேறவே ஏறாது. உள்ளே வியர்க்கும் நீர் ஒயிலோடு சேர்ந்து மேலேயுள்ள மூடியில் படிகிறது. அளவுக் கம்பியை இழுத்துப் பாருங்கள். அதிலுள்ள ஒயில் தெளிவாக இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறையாவிட்டால், மூடியைத் துடைத்துவிட்டு வெலிமடைக்கு ஒருமுறை போய் வாருங்கள். திரும்பி வந்து பார்க்கையில் மூடி துடைத்தபடியே இருக்கும். கம்பியிலும் பால் தேநீர் நிறம் தெரிந்தால், அல்லது எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரில் குமிழி விட்டால், அப்போது காரை ஓட்டாமல் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள். வெறும் தண்ணீர் நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதை அடக்கி வைத்திருப்பது அந்த மூடியின் அழுத்தம்தான். அதன் ரப்பர் தேய்ந்திருந்தால் இன்றே புதிது வாங்குங்கள், உங்கள் காருக்குரிய கூலன்ட் பாதி, வடித்த நீர் பாதி என்று நிரப்புங்கள்.